வெள்ளம் வந்த வீட்டை விற்கிறோம், வாங்குபவர் எதுவும் கேட்கவில்லை – நாமாகச் சொல்ல வேண்டுமா?

#1 முடிச்சூர் மகன்

வணக்கம். பல வருடமாக இங்கே படிக்க மட்டும் செய்பவன், முதல் முறையாக எழுதுகிறேன். முடிச்சூர் பக்கம் அப்பா 1998-ல் மனை வாங்கி 2001-ல் கட்டிய வீடு. கீழே இரண்டு படுக்கையறை, மேலே பின்னால் ஏற்றிய ஒரு போர்ஷன். அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. அம்மா என்னோடு பெங்களூரில், தங்கை திருச்சியில். வீடு பூட்டிக் கிடக்கிறது. விற்றுவிடலாம் என்று மூவரும் பேசி முடிவு செய்தோம். ஒரு பார்ட்டி 78 லட்சத்துக்கு ஒத்துக்கொண்டு 1 லட்சம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள். அக்ரிமெண்ட் இன்னும் போடவில்லை.

விஷயம் இதுதான். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் நாலடித் தண்ணீர். 2021-ல் வாசல் படி வரை வந்து நின்றது. 2023 மிக்ஜாம் புயலில் ஹாலில் முழங்கால் அளவு. 2015 தண்ணீர் வடிந்ததும் அப்பா சமையலறை நிலையில், தண்ணீர் நின்ற உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு 2-12-2015 என்று எழுதி வைத்தார். அது இன்னும் இருக்கிறது. புரோக்கர், அடுத்த வாரம் பெயிண்டரை அனுப்புகிறேன், சுவரெல்லாம் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்து, நிலைக்கும் இரண்டு கோட் எனாமல் கொடுத்துவிடலாம், 60,000 ஆகும் என்கிறார். வாங்குபவர்கள் கோயம்புத்தூர்க்காரர்கள், சென்னைக்குப் புதிது. மழையைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்காததை நாமாகச் சொல்ல வேண்டுமா? சட்டத்தில் கட்டாயம் இருக்கிறதா, இல்லை மனசாட்சிக்கு மட்டும்தானா?

#2 நாலும் தெரிந்தவன்

வாயைத் திறக்காதீர்கள். முடிச்சூர் என்று கூகுளில் போட்டாலே படகு படம்தான் வருகிறது. 78 லட்சம் போடுகிறவன் அதைக்கூடப் பார்க்க மாட்டானா? நான் 2012-ல் வாங்கியபோது எனக்கு யார் சொன்னார்கள்? வாங்குகிறவன்தான் கண்ணைத் திறந்து வாங்க வேண்டும். நீங்கள் சொன்னால் அந்தப் பார்ட்டி போய்விடும், அடுத்த பார்ட்டி 65-க்குக் கேட்பான். அவ்வளவுதான்.

#3 வேளச்சேரி அக்கா

தம்பி #2, உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று இன்னும் கசப்பாக இருக்கிறது இல்லையா? அந்தக் கசப்பைத்தான் இவரை அடுத்தவருக்குக் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

2015-ல் எங்கள் தெருவில் தரைத்தளம் வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத ஒரு குடும்பம் இருந்தது. பிரிட்ஜ் மிதந்தது. கல்யாண ஆல்பம் முதல் பிள்ளையின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வரை போனது. விற்றவர் போனை எடுக்கவே இல்லை. முடிச்சூர் மகனே, சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பென்சில் கோட்டின் மேல் பெயிண்ட் அடிக்கச் சொல்ல உங்களுக்கே கை வரவில்லை, அதனால்தான் இங்கே வந்து கேட்கிறீர்கள்.

#4 கருப்பு அங்கி

மதுரையில் சிவில் பிராக்டிஸ். இங்கே எழுதுவது பொதுவான கருத்து, உங்கள் வக்கீலின் ஆலோசனைக்கு மாற்று அல்ல.

"நம் நாட்டில் விற்பவருக்குக் கடமையே இல்லை, வாங்குபவன்தான் பார்க்க வேண்டும்" என்பது பாதி உண்மை. 1882-ம் வருடச் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 55(1)(a)-வை எடுத்துப் பாருங்கள். சொத்திலோ, சொத்தின் உரிமையிலோ முக்கியமான குறை ஒன்று இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், அவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அதே பிரிவின் கடைசி வரி இன்னும் கடுமை: அப்படிச் சொல்லாமல் விடுவது மோசடி. மறதி என்றோ கவனக்குறைவு என்றோ அங்கே வார்த்தை இல்லை.

எல்லா வழக்கும் "சாதாரண கவனம்" என்ற இடத்தில்தான் வந்து நிற்கும். கூரையில் கண்ணுக்குத் தெரிகிற விரிசல் என்றால் வாங்குபவர் அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும், அது அவர் பாடு. வெள்ளம் நடுவில் நிற்கிற சமாச்சாரம். பக்கத்து வீட்டில் கேட்டாலே தெரியும் என்று உங்கள் வக்கீல் வாதாடுவார். மழை இல்லாத ஏப்ரலில் வீட்டைப் பார்த்த வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும் என்று எதிர்த்தரப்பு வாதாடும். சும்மா இருந்ததற்காக மட்டும் நீங்கள் தோற்பீர்கள் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

ஆனால் பெயிண்ட் வேறு கதை. 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டம், பிரிவு 17. வெறும் மௌனம் பொதுவாக மோசடி ஆகாது. தெரிந்த ஒன்றை முனைந்து மறைப்பது மோசடி. அந்தப் பிரிவுக்கு எடுத்துக்காட்டே குதிரை வியாபாரம்தான். நோஞ்சான் குதிரையை ஏலத்தில் விட்டுவிட்டுச் சும்மா இருந்தால் மோசடி இல்லை. வாங்குகிறவன் "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லி, அப்போதும் விற்பவன் வாயை மூடிக்கொண்டால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். நாளைக்கு அந்தக் கோயம்புத்தூர்க்காரர் வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே "மழைக்கெல்லாம் ஒன்றும் ஆகாதில்லையா சார்" என்று பேச்சுவாக்கில் கேட்டு, நீங்கள் சிரித்துவிட்டு விட்டால் போதும். குதிரை கதைதான்.

#5 கம்பிகட்டி

இருபது வருடமாக சைட்டில் இருக்கிறேன். அங்கி சார் சட்டம் சொல்லிவிட்டார், நான் சுவரைப் பற்றிச் சொல்கிறேன்.

நாலடித் தண்ணீர் நின்ற செங்கல் சுவரில் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தால் ஒரு மழைக்காலம்தான் தாங்கும். ஓதம் கீழிருந்து ஏறும், உப்பு பூக்கும், பட்டி செதில் செதிலாகக் கழன்று விழும். வாங்கியவர் அடுத்த தையில் உங்களுக்குப் போன் செய்வார். 60,000 தண்டம். பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி பூசுவதுதான் முறை. அதற்கு நாளும் ஆகும், காசும் ஆகும். அதை வாங்குகிறவரே தன் ரசனைக்குச் செய்துகொள்ளட்டும், விலையில் கழித்துக் கொடுங்கள்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை, இந்த இழையை அவர்களும் படிப்பார்கள். பழைய வீட்டைப் பார்க்கப் போனால் புதுப் பெயிண்ட் வாசனையை நம்பாதீர்கள். பீரோவை நகர்த்திப் பின்னால் பாருங்கள். ஈ.பி. மீட்டர் பெட்டி பக்கத்து வீடுகளிலெல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே ஏறியிருக்கிறதா பாருங்கள். தெருவை விட வீட்டின் தரை தாழ்வா, புதிதாக ரோடு போட்டு உயர்த்தியிருக்கிறார்களா பாருங்கள். அப்புறம் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் இரண்டு சட்டை கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். எந்த வருடம் எந்த வீட்டில் எத்தனை அடி என்று அவரிடம் இருக்கிற கணக்கு யாரிடமும் இருக்காது.

முடிச்சூர் மகன், மேலே ஏற்றிய போர்ஷனுக்கு அப்ரூவல் இருக்கிறதா?

#6 ஃப்ரீமாண்ட் தமிழன்

இங்கே கலிபோர்னியாவில் விற்பவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கூரை ஒழுகுமா, வெள்ளம் வந்ததா, பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டையா, வழக்கு ஏதாவது உண்டா என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. வெள்ளப் பகுதி, நிலநடுக்கப் பிளவு, காட்டுத்தீ அபாயம் இவற்றுக்கெல்லாம் தனிப் படிவம். வீட்டில் யாராவது இறந்திருந்தால்கூட, மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் நீங்களாகச் சொல்லத் தேவையில்லை, ஆனால் நேரடியாகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. லண்டனில் இருக்கும் என் மச்சான் வீட்டை விற்றபோதும் இதே மாதிரி ஒரு படிவம். அதில் நாட்வீட் என்று ஒரு ஜப்பானியக் களை தோட்டத்தில் இருக்கிறதா என்று தனிக் கேள்வி. களைக்கு ஒரு கேள்வியா என்று சிரித்தோம். அது அஸ்திவாரம் வரை போகுமாம்.

நம் ஊரில் இப்படி ஒரு தாள் இல்லை என்பதுதான் குறை. கடமை இருக்கிறது, கேள்வித்தாள் இல்லை.

#7 வாஸ்து வேலு

ஈசானிய மூலையில் செப்டிக் டேங்க் இருந்தால் அதையும் சொல்ல வேண்டுமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

#8 கருப்பு அங்கி

செப்டிக் டேங்கின் மூடி கண்ணுக்குத் தெரியும், திசைகாட்டி வாங்குபவரிடமும் இருக்கும். சாதாரண கவனம் போதும். :)

விளையாட்டு இருக்கட்டும், #6 சொன்ன கேள்வித்தாள் விஷயம் முக்கியம். அரசு படிவம் இல்லையே தவிர, வாங்குபவரே தயாரித்துக் கொடுக்கலாம். பிரிவு 55(1)(c)-யின்படி, சொத்தைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் வாங்குபவர் கேட்கிற தொடர்புள்ள கேள்விகளுக்கெல்லாம் விற்பவர் தனக்குத் தெரிந்தவரை பதில் சொல்லக் கடமைப்பட்டவர். எழுதிக் கேட்டு எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் ஆனாலும் சரி. கேட்டும் பொய் சொன்னால் ஒரு பெரிய வித்தியாசம் வந்துவிடும். மௌனத்தால் ஏமாந்தவரிடம் "நீ விசாரித்திருந்தால் தெரிந்திருக்குமே" என்று ஒப்பந்தச் சட்டம் பிரிவு 19 கேட்கும். நேரடிப் பொய்யால் ஏமாந்தவரிடம் அப்படிக் கேட்காது.

#9 முடிச்சூர் மகன்

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்னது உண்மைதான்.

பெயிண்டரை நிறுத்தச் சொல்லிவிட்டேன். கம்பிகட்டி அண்ணா, மேல் போர்ஷனுக்குத் தனியாக அப்ரூவல் இல்லை. கீழ் வீட்டுக்கே பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட பிளான்தான். ஆனால் இரண்டு தளத்துக்கும் வீட்டு வரி கட்டுகிறோம், ரசீது இருக்கிறது.

வெள்ளத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றபடி டாக்குமெண்ட் எல்லாம் சுத்தம். மூல பத்திரம், பட்டா அப்பா பேரில், ஈ.சி. (வில்லங்கச் சான்று) 30 வருடத்துக்கு எடுத்ததில் ஒரு வில்லங்கமும் இல்லை. சித்தப்பா போட்ட கேஸ் ஒன்று இருக்கிறது, ஆனால் அது நிற்காது என்று எங்கள் வக்கீலே சொல்லிவிட்டார்.

#10 பத்திரக்காரர்

எந்தக் கேஸ்?

#11 வேளச்சேரி அக்கா

ஐயோ தம்பி.

#12 முடிச்சூர் மகன்

பெரிய விஷயம் இல்லை. தாத்தாவின் ஊர் நிலத்தை 1997-ல் விற்ற பணத்தில்தான் அப்பா இந்த மனையை வாங்கினார், அதனால் பாதி எனக்கு என்று சித்தப்பா, அப்பா இறந்த மறு வருடம் பாகப்பிரிவினை வழக்குப் போட்டார். அப்பா தன் பி.எஃப். லோனில் வாங்கியது, ஆதாரம் இருக்கிறது. தடை உத்தரவு எதுவும் வாங்கவில்லை. இரண்டு வருடமாக வாய்தா வாய்தாவாகப் போகிறது. ஈ.சி.-யில் வரவே இல்லையே, அதனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. புரோக்கருக்கும் தெரியாது.

#13 கருப்பு அங்கி

நீங்கள் வெள்ளத்தைப் பற்றிக் கேட்க வந்தீர்கள். கேட்க வேண்டியது இதைத்தான்.

முதலில் ஈ.சி. பற்றி ஒரு தவறான நம்பிக்கை. வில்லங்கச் சான்று என்பது பதிவு அலுவலகத்தில் பதிவானவற்றின் பட்டியல், அவ்வளவே. ஒரு சிவில் வழக்கு தாக்கலானதும் தானாக அதில் ஏறாது. பம்பாய் மாகாணம் 1939-லேயே, வழக்கைப் பதிவு செய்தால்தான் நடுவில் வாங்கியவரைக் கட்டுப்படுத்தும் என்று திருத்தம் கொண்டு வந்தது. நமக்கு அப்படி இல்லை. நமக்குச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் மூலப் பிரிவு 52 அப்படியே: வழக்கு நடக்கும்போது சொத்தை விற்கலாம், விற்பனை செல்லாது என்று ஆகாது, ஆனால் வாங்கியவர் அந்த வழக்கின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். வழக்கு இருப்பதே அவருக்குத் தெரியாது என்றாலும் கட்டுப்பட்டவர். நாளைக்குச் சித்தப்பா ஜெயித்தால், கோயம்புத்தூர்க்காரர் 78 லட்சம் கொடுத்துப் பாதி வீட்டுக்குத்தான் சொந்தக்காரர்.

"எங்கள் வக்கீல் நிற்காது என்றார்." தன் கட்சிக்காரரிடம் "எதிராளி கேஸ் பலமாக இருக்கிறது" என்று சொல்கிற வக்கீலை நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். சொத்தின் உரிமையிலுள்ள குறை என்றுதான் 55(1)(a) சொல்கிறது. வழக்கு நிலுவையில் இருப்பதே குறையா, தீர்ப்பு வந்தால்தான் குறையா என்று புத்திசாலித்தனமாக வாதம் செய்யலாம். நான் வாங்கியவர் தரப்பில் நின்றால் அந்த வாதத்தை ஐந்து நிமிடத்தில் உடைத்துவிடுவேன்: தெரிந்திருந்தால் இந்த விலைக்கு யாராவது வாங்கியிருப்பார்களா என்ற ஒரே கேள்வி போதும்.

இ-கோர்ட்ஸ் தளத்தில் கட்சிக்காரர் பெயரைப் போட்டுத் தேடியிருந்தால் கிடைத்திருக்குமே, அது சாதாரண கவனம்தானே என்று கேட்பீர்கள். கேட்கலாம். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் கண்ணில் படாமல் போகிற தேடல் அது. எந்தக் கோர்ட், எந்த வருடம் என்றும் அவருக்குத் தெரியாது. நான் அதை நம்பி உட்கார மாட்டேன்.

#14 பத்திரக்காரர்

அங்கி சார் சட்டத்திலிருந்து சொன்னார். நான் பத்திரத்திலிருந்து சொல்கிறேன். 26 வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன்.

கிரையப் பத்திரத்தில் கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு பத்தி வரும். இச்சொத்தில் முன் கிரையம், தானம், அடமானம், ஈடு, கோர்ட் ஜப்தி, வியாஜ்யம், மைனர் பாத்தியம், வாரிசு பாத்தியம் முதலிய எவ்வித வில்லங்கமும் இல்லை என்று உறுதி கூறுகிறேன், பின்னிட்டு ஏதும் தெரிய வந்தால் என் சொந்தச் செலவிலும் பொறுப்பிலும் என் இதர சொத்துகளைக் கொண்டும் தீர்த்துத் தருகிறேன் என்று. எல்லாருடைய பத்திரத்திலும் இருக்கும். நான் வாசித்துக் காட்டும்போது பத்தில் எட்டுப் பேர் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். கையெழுத்து, ரேகை, போட்டோ, முடிந்தது.

தம்பி, நீங்களும் உங்கள் அம்மாவும் தங்கையும் அந்தப் பத்திக்குக் கீழே கையெழுத்துப் போடுவீர்கள். வியாஜ்யம், அதாவது வழக்கு, இல்லை என்று எழுத்தில் கொடுப்பீர்கள். அப்புறம் "அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை" என்ற பேச்சுக்கே இடமில்லை. சொல்லிவிட்டீர்கள். பொய்யாகச் சொல்லிவிட்டீர்கள். அம்மாவின் ரேகையும் அதில் இருக்கும், அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

#15 கருப்பு அங்கி

#14 சொன்னதற்கு மேல் ஒன்று சேர்க்கிறேன். அந்தக் கட்டத்தில் இது சிவில் மட்டும் இல்லை. நேர்மையற்ற முறையில் உண்மையை மறைப்பதும் ஏமாற்றுதான் என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 415-க்கான விளக்கத்தில் இருந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. சிவில் பக்கம், மூன்று வருடக் காலவரையறை முடிந்துவிட்டது என்றும் தப்ப முடியாது. மோசடி என்றால் அது தெரிய வந்த நாளிலிருந்துதான் கணக்கு ஓடும்.

#16 நாலும் தெரிந்தவன்

கேஸ் விஷயத்தில் நான் வாபஸ். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வெள்ளத்துக்கு இன்னும் நான் சொன்னதுதான். "உள்ளது உள்ளபடி பார்த்து வாங்கிக்கொள்கிறேன்" என்று அக்ரிமெண்டில் ஒரு வரி போட்டால் முடிந்தது. 55-வது பிரிவே வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் என்றுதானே ஆரம்பிக்கிறது?

#17 கருப்பு அங்கி

ஆமாம், அப்படித்தான் ஆரம்பிக்கிறது. படித்திருக்கிறீர்கள், சந்தோஷம். கடமையின் அளவை ஒப்பந்தத்தால் குறைக்கலாம். ஆனால் தெரிந்தே மறைத்துவிட்டு அந்த வரியைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தால், அந்த வரிக்கே மோசடியால் சம்மதம் வாங்கினீர்கள் என்று எதிர்த்தரப்பு ஆரம்பிக்கும். எனக்கு இருக்கிற அனுபவத்தில், பொத்தாம்பொதுவாக "உள்ளபடி" என்று எழுதுவதைவிட, நடந்ததை வருடம் போட்டு எழுதுவதுதான் விற்பவருக்குப் பாதுகாப்பு. வாங்குபவருக்குத் தெரிந்த குறைக்கு விற்பவர் பொறுப்பில்லை என்பது அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. சொல்லிவிட்டால் பாரம் அவர் தோளுக்குப் போய்விடும். இதை ஏனோ யாரும் யோசிப்பதில்லை, சொல்வதால் விலை குறையும் என்பதை மட்டும் யோசிக்கிறார்கள்.

#18 இஎம்ஐ வாழ்க்கை

நான் வாங்கியவன் பக்கத்து ஆள். 2019-ல் பல்லாவரம் பக்கம் மறுவிற்பனையில் பிளாட் வாங்கினேன். ஈ.சி. பார்த்தேன், லீகல் ஒப்பீனியன் வாங்கினேன், பேங்க் வேல்யூயர் வந்து பார்த்தார். குடிபோன மறுநாள் அசோசியேஷன் செயலாளர் வந்து, முந்தைய ஓனர் 31 மாத மெயிண்டனன்ஸ் பாக்கி, கட்டினால்தான் கார் பார்க்கிங் ஸ்டிக்கர் என்றார். விற்றவரைக் கேட்டால், "நீங்கள் கேட்கவே இல்லையே சார்." எவ்வளவு அமைதியாகச் சொன்னார் தெரியுமா! பாதிப் பாதி என்று சமரசம் ஆனது. வழக்குப் போட எனக்குத் தெம்பில்லை.

வாங்கப் போகிறவர்களே, வீட்டு வரி, தண்ணீர் வரி, ஈ.பி. கடைசி ரசீது, அசோசியேஷன் பாக்கியில்லைச் சான்று, எல்லாவற்றையும் பத்திரத்துக்கு முன்னால் கையில் வாங்குங்கள். விற்பனைத் தேதி வரையுள்ள அரசு வரிகளைக் கட்டுவது விற்பவர் கடமை என்று அதே 55-ல் இருக்கிறது என்பதை எனக்குப் பின்னால்தான் ஒருவர் சொன்னார். அசோசியேஷன் பாக்கி அதில் அடங்குமா என்பது வேறு கதை.

#19 கம்பிகட்டி

பிளான் விஷயத்தை மறந்துவிட்டோம். முடிச்சூர் மகன், வீட்டு வரி கட்டுவதால் கட்டடம் அப்ரூவ்டு ஆகிவிடாது. வரி போடுகிறவர் இருப்பதை அளந்து வரி போடுவார், அனுமதி கொடுக்க மாட்டார். வாங்குபவர் லோனில் வாங்கினால் பேங்க் இன்ஜினியர் பிளானையும் கட்டடத்தையும் பொருத்திப் பார்த்து மேல் போர்ஷனுக்கு மதிப்பே போடாமல் விடலாம். அப்போது லோன் தொகை குறையும், அவர் கடைசி நேரத்தில் முழிப்பார். இதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். மனைக்கு டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. (அரசின் நகரமைப்பு அமைப்புகள்) லே-அவுட் அனுமதி இருக்கிறதா, இல்லை அனுமதியில்லாத மனைகளுக்கான 2017 விதிப்படி வரன்முறை செய்தீர்களா என்றும் பாருங்கள். பஞ்சாயத்து அப்ரூவல் மனைகளில் பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியாது.

#20 ஃப்ரீமாண்ட் தமிழன்

இழையைத் திசை திருப்ப விரும்பவில்லை, ஆனால் என்.ஆர்.ஐ.க்கள் யாராவது படித்தால்: நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர் என்பதையே வாங்குபவரிடம் சொல்ல வேண்டும். 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குபவர் விலையில் 1 சதவீதம் வரி பிடிக்கும் டி.டி.எஸ். என்ற கணக்கு உள்நாட்டில் வசிக்கும் விற்பவருக்குத்தான். நமக்கு மூலதன ஆதாய வரியை ஒட்டி அதைவிட அதிகமாகப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் வரித்துறை நோட்டீஸ் போவது வாங்கியவருக்கு. நான் கோவையில் ஒரு மனையை விற்றபோது, பவர் வாங்கிய என் அண்ணனே கையெழுத்துப் போட்டதால் வாங்கியவர் என்னை உள்ளூர்க்காரன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். கடைசி நேரத்தில் அவருடைய ஆடிட்டர்தான் காப்பாற்றினார். எங்கள் இரண்டு பேரையும்.

#21 பத்திரக்காரர்

தம்பி, அக்ரிமெண்ட் போடும்போது கீழே இருப்பது மாதிரி ஒரு பத்தி சேருங்கள். உங்கள் வக்கீல் திருத்திக்கொள்ளட்டும்.

"மேற்படி சொத்தில் 2015, 2021, 2023 ஆகிய வருடங்களில் மழைவெள்ளம் புகுந்த விவரத்தையும், தண்ணீர் நின்ற உயரத்தையும், மாடிப் பகுதிக்குக் கட்டட அனுமதி இல்லாத விவரத்தையும், மேற்படி சொத்து சம்பந்தமாக நிலுவையிலுள்ள பாகப்பிரிவினை வழக்கின் எண்ணையும் நம்மில் விற்பவர், வாங்குபவருக்குத் தெரிவித்து, வழக்குக் கட்டின் நகலையும் கொடுத்து, அவரும் நேரில் பார்வையிட்டும் விசாரித்தும் அறிந்துகொண்டு சம்மதித்துள்ளார்."

இப்படி எழுதினால் யாரும் பின்னால் பேச முடியாது. ஆனால் ஒன்று, கேஸ் நடக்கிற சொத்தை லோன் போட்டு வாங்க எந்தப் பேங்கின் லீகலும் லேசில் ஒத்துக்கொள்ளாது. கேஸை முடித்துவிட்டு விற்பதுதான் வழி.

#22 முடிச்சூர் மகன்

நேற்று இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. காலையில் வாங்குபவருக்குப் போன் செய்து மூன்றையும் சொல்லிவிட்டேன். வெள்ளம், மாடி, கேஸ். அந்த வரிசையில்தான் சொன்னேன், தைரியம் வர நேரம் ஆனது. ஒரு நிமிடம் பேசவே இல்லை. அப்புறம், "வெள்ளம் எங்களுக்குத் தெரியும் சார், இஸ்திரிக்காரர் சொன்னார். கேஸ் தெரியாது" என்றார். டோக்கனைத் திருப்பிக் கேட்டார், ஜிபேயில் அனுப்பிவிட்டேன்.

புரோக்கர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

#23 கம்பிகட்டி

இஸ்திரிக்காரர்! நான் சொன்னேனா இல்லையா?

#24 வேளச்சேரி அக்கா

கேட்கவே இல்லை, கேட்கவே இல்லை என்றீர்களே தம்பி. உங்களைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். நீங்களாகச் சொல்கிறீர்களா என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

#25 முடிச்சூர் மகன்

ஏழு வாரம் கழித்து வருகிறேன், பாதியில் விட்டுப் போனதாக இருக்கக் கூடாது என்று.

சித்தப்பா வீட்டுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு நேரில் போனேன். அப்பா காரியத்துக்குப் பிறகு அந்தப் படியை நாங்கள் மிதிக்கவில்லை. அவருக்குக் கோபம் வீட்டின் மேல் இல்லை, ஊர் நிலத்தை விற்றபோது அப்பா கணக்குச் சொல்லவில்லை என்பதில் என்று இரண்டு மணி நேரம் பேசிய பிறகுதான் புரிந்தது. 9 லட்சத்துக்கு ஒத்துக்கொண்டார். வக்கீல்கள் மூலம் சமரச மனு போட்டு வழக்கு முடிந்தது. அவரும் அவருடைய பிள்ளைகளும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்துவிட்டார்கள். இப்போது அது ஈ.சி.-யிலும் வரும்.

பழைய கோயம்புத்தூர்க்காரருக்கே போன் செய்து சொன்னேன். வேறு வீடு பார்த்துக்கொண்டு இருந்தவர், திரும்பி வந்து 71-க்குக் கேட்டார். 72.5-ல் முடிந்தது. மாடிக்கு மதிப்பு போடவில்லை, கம்பிகட்டி அண்ணா சொன்ன மாதிரியே, அதனால் லோன் குறைத்துத்தான் கிடைத்தது, மீதியை அவர் கையிலிருந்து போட்டார். பத்திரக்காரர் ஐயா எழுதிக் கொடுத்த பத்தியில் கேஸ் வரியை மட்டும் மாற்றி, தீர்ந்த விவரமாகச் சேர்த்தோம். போன வியாழன் பதிவு ஆனது.

சாவி கொடுக்கப் போனபோது பிளம்பரும் எலெக்ட்ரீசியனும் உள்ளே இருந்தார்கள். சமையலறை நிலையில் அப்பா போட்ட கோட்டிலிருந்து டேப் பிடித்து, அதற்கு ஓர் அடி மேலே எல்லா பிளக் பாயிண்டையும் ஏற்றச் சொல்லி மார்க் பண்ணிக்கொண்டு இருந்தார்கள்.

#26 நாலும் தெரிந்தவன்

கணக்குப் போட்டால் 5.5 லட்சம் விலையில், 9 லட்சம் சித்தப்பாவுக்கு. 14.5 லட்சம் போச்சு.

#27 முடிச்சூர் மகன்

ஆமாம் அண்ணா. கூட வக்கீல் பீஸும் உண்டு, அதை விட்டுவிட்டீர்கள்.

#28 திருநின்றவூர் ரவி

இதே மாதிரிதான் எனக்கும், ஆனால் நான் வாங்குகிறவன். விற்பவர் மூல பத்திரம் தொலைந்துவிட்டது, சர்டிபைடு காப்பி தருகிறேன் என்கிறார். அசல் எங்காவது பேங்கில் ஈடாக இருக்குமோ என்று பயம். ஈ.சி.-யில் எம்.ஓ.டி., அதாவது பத்திரத்தை ஈடாக வைத்த பதிவு, எதுவும் காட்டவில்லை. என்ன செய்வது?

#29 பத்திரக்காரர்

தம்பி, புது இழை திறங்கள், அங்கே வருகிறேன். அதுவரை அட்வான்ஸ் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.